அசலில் கை வைக்காதே

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

உன் இடுப்பு வலி தேவலையா? வீட்டுக்காரி சொன்னபடி நாற்காலியை மாற்றினாயா, இல்லை வழக்கம்போல் மண்டையை ஆட்டிவிட்டுச் சும்மா இருக்கிறாயா? இங்கே என் முட்டியைத் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. உன் அத்தான் நன்றாகச் சாப்பிடுகிறார்.

கையில் போன் இருக்கும்போது தபால் எதற்கு என்று சிரிப்பாய். சிரித்து முடித்துவிட்டுப் படி. போனில் நீ பேசுகிற வேகத்தில் எனக்குப் பாதிதான் காதில் ஏறுகிறது. காகிதமாக இருந்தால் பத்துத் தடவை படித்துக்கொள்ளலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் டிரைவிங் ஸ்கூலுக்கு நீ செய்துகொடுத்த வெப்சைட் தன் இஷ்டத்துக்கு ஆடுகிறது. காலை வகுப்பு எட்டு மணிக்கு என்று நான் போட்டால், இரண்டே நாளில் பழையபடி ஆறு மணி என்று மாறிவிடுகிறது. போன வாரம் இரண்டு பேர் குளிரில் மூடிய ஷட்டருக்கு முன்னால் நின்றுவிட்டு, நான் வந்ததும் என்னை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். போன் நம்பரும் பழைய நம்பராகிவிட்டது. அதில் கூப்பிட்டால் இப்போது யாரோ ஒரு பல் டாக்டர் எடுக்கிறார். நானே கூப்பிட்டுப் பார்த்து, அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தேன்.

உங்கள் ஸ்டூடியோவில் ஊரார் வெப்சைட்டை எல்லாம் பராமரிக்கிறவன் நீ. அதை எப்படிக் கட்டி மேய்ப்பது என்று எனக்கும் எழுது. உள்ளே வந்து கை வைப்பது யார் என்று கண்டுபிடிக்க வழியிருந்தால் அதையும் எழுது.

பதிலை வீட்டுக்கு அனுப்பாதே, ஸ்கூலுக்கும் வேண்டாம். கீழ்வீட்டுத் தையல்காரியின் முகவரியைப் பின்னால் எழுதியிருக்கிறேன். ஏன் எதற்கு என்று கேட்டு வளர்க்காதே.

குளிரில் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு போ.

அக்கா

ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

நாற்காலி மாறிவிட்டது, இடுப்பு மாறவில்லை. உன் முட்டியை டாக்டரிடம் காட்டினாயா? உனக்குக் கேள்வி கேட்கத்தான் தெரியும், பதில் சொல்லத் தெரியாது. அத்தானை விசாரித்ததாகச் சொல்.

தையல்காரி முகவரிக்குக் கடிதமா! இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய பிறகு ரகசியத் தபால் போக்குவரத்து நடத்துகிற ஒரே ஆள் நீதான். சரி, கேட்கவில்லை.

எங்களிடம் வருகிற எல்லோருக்கும் சொல்வதையே உனக்கும் சொல்கிறேன். மாதம் ஒரு தடவை யாரோ அசலார் மாதிரி உன் வெப்சைட்டைத் திறந்து முதலிலிருந்து கடைசி வரை படி. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது வெப்சைட்டுக்கும் பொருந்தும். 'எங்களுக்கு எழுதுங்கள்' என்று ஒரு பெட்டி இருக்கிறதே, அதில் நீயே ஒரு செய்தி அனுப்பி, வந்து சேர்கிறதா என்று பார். பாதிப் பேருக்கு அது வேலை செய்யாததே வருஷக்கணக்கில் தெரியாது. அப்டேட் செய்யச் சொன்னால் 'அப்புறம்' என்று தள்ளாதே. காரில் எண்ணெய் மாற்றுவதை நீ தள்ளுவாயா? காரின் படத்தைப் பெரிய அளவில் ஏற்றாதே, பக்கம் திறப்பதற்குள் ஆள் நடந்தே உன் கடைக்கு வந்துவிடுவான். வெப்சைட்டின் பெயருக்கு வருஷா வருஷம் புதுப்பிக்கிற நாள் ஒன்று உண்டு. அதைக் கோட்டைவிட்டால் வேறு எவனாவது பெயரைத் தூக்கிக்கொண்டு போவான்.

எல்லாவற்றுக்கும் மேலே பேக்கப். முழு வெப்சைட்டையும் நகலெடுத்து வேறு இடத்தில் வைக்க வேண்டும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை. அதை நான் இங்கிருந்தே உனக்காகச் செய்துவருகிறேன், கவலை வேண்டாம்.

யார் கை வைத்தது என்று பார்த்தேன். எல்லா மாற்றமும் அத்தானுடைய லாகின் வழியாகத்தான் நடந்திருக்கிறது. அவருடைய பாஸ்வேர்டை எவனோ திருடிவிட்டான். உங்கள் கல்யாண நாள்தானே பாஸ்வேர்டு? அப்படியானால் திருடன் உங்கள் கல்யாணத்தில் மொய் வைக்காமல் சாப்பிட்டுப் போனவனாகத்தான் இருப்பான். உடனே மாற்று.

வீட்டுக்காரி உன்னை ரொம்பவும் கேட்டாள்.

தம்பி

பிப்ரவரி 18

அன்புத் தம்பிக்கு,

உங்கள் இருவர் உடம்பும் சௌக்கியம்தானே? பதில் தாமதமாகிவிட்டது. தையல்காரி ஊருக்குப் போயிருந்தாள். அதெல்லாம் சாக்கு, எழுதக் கை வரவில்லை என்றே வைத்துக்கொள்.

பாஸ்வேர்டை மாற்றினேன். உன் அத்தான் புதியது என்ன என்று கேட்டார், சொன்னேன். ஸ்கூல் அவருடையது. சொல்லமாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

மறுபடியும் மாறுகிறது. இந்தத் தடவை நேரமும் நம்பரும் மட்டும் இல்லை. 'எங்கள் ஆசிரியர்கள்' பக்கத்தில் வாண்டு வந்துவிட்டான். படத்தோடு, பெயர், 'இருசக்கர வாகனப் பயிற்சி' எல்லாம் இருக்கிறது. என் பிள்ளை காய்ச்சல் என்று படுத்து எழுந்திருக்காமல் போய் ஆறு வருஷம் ஆகிறது. அந்தப் பக்கத்திலிருந்து அவனை எடுக்கச் சொல்லி அப்போது உன்னிடம் கேட்டதும் நான்தான். இப்போது திறந்தால் சிரித்துக்கொண்டு நிற்கிறான்.

நேற்று ஒரு பெண் வந்தாள். ஸ்கூட்டர் கற்றுக்கொள்ள வேண்டுமாம். போனைத் திறந்து காட்டி, "எனக்கு இவர்தான் சொல்லித் தரணும். மத்தவங்க எல்லாம் முறைக்கிற மாதிரி இருக்காங்க, இவர் ஒருத்தர்தான் சிரிச்ச முகமா இருக்கார்" என்றாள். "அவர் லீவுல இருக்கார்மா" என்றேன். "எப்ப வருவார்?" என்று கேட்டாள். தெரியவில்லை என்று சொல்லி, புது இன்ஸ்ட்ரக்டரிடம் சேர்த்துவிட்டு, உள்ளே போய் அழுது தீர்த்தேன்.

என்ன செய்யலாம், சொல்லு. இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அக்கா

மார்ச் 2

அன்புள்ள அக்கா,

உன் உடம்பை விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை, அவ்வளவு கோபத்தில் எழுதுகிறேன். செத்துப்போன பிள்ளையின் படத்தைப் போட்டு விளையாடுகிறவன் மனுஷனா? அத்தானுடைய லாகினையே பூட்டிவிட்டேன். அந்தப் பெயரில் இனி யாரும் உள்ளே நுழைய முடியாது. வாண்டு படத்தையும் எடுத்துவிட்டேன். நேரம், நம்பர் எல்லாம் சரிசெய்தாகிவிட்டது.

பூட்டி முடித்து, கோபம் கொஞ்சம் இறங்கிய பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்தப் படம் முன்பு நாங்கள் போட்டிருந்த படம் இல்லை. அது இணையத்தில் எங்குமே இல்லை, தேடிவிட்டேன். பச்சைச் சட்டை, பின்னால் உங்கள் வீட்டு மாடிப்படி. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைத் தவிர வேறெங்கே இருக்க முடியும்?

அக்கா, அத்தான் எப்படி இருக்கிறார்? நன்றாகச் சாப்பிடுகிறார் என்று மட்டும் எழுதாதே.

தம்பி

ஏப்ரல் 11

அன்புத் தம்பிக்கு,

நீயும் வீட்டுக்காரியும் நலமாக இருக்க வேண்டும்.

அவர் நன்றாகச் சாப்பிடுகிறார் என்று நான் எழுதியது பொய் இல்லை. சாப்பிடுகிறார், கை கழுவுகிறார், திரும்பி வந்து உட்கார்ந்து "இன்னிக்கு சாப்பாடு கிடையாதா?" என்கிறார். நானும் இன்னொரு தட்டு வைக்கிறேன்.

முதல் கடிதம் எழுதும்போதே எனக்குத் தெரியும். மத்தியானத்தில் அவர் வீட்டு ஆபீஸ் அறையில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டுவதைக் கதவருகில் நின்று பார்த்திருக்கிறேன். தெரிந்தேதான் உன்னைக் கேட்டேன். நீ ஆராய்ந்து பார்த்து வேறு யாராவது ஒருவன் என்று சொல்லிவிடமாட்டாயா என்று ஒரு நப்பாசை. போனில் பேசாததற்கும் இதுதான் காரணம். நான் யாரோடு பேசினாலும் பக்கத்தில் வந்து, "பையனா? குடு, நான் பேசறேன்" என்று கையை நீட்டுகிறார்.

போன வருஷக் கடைசியில் தொடங்கியது. வகுப்பில் ஒரு பெண் ஓட்டிக்கொண்டிருக்கிறாள். பச்சை விளக்கு விழுந்துவிட்டது. இவர் தன் பக்கத்து பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை. பின்னால் வண்டிகள் அலறுகின்றன. "சார், காலை எடுங்க சார்" என்று அவள் சொல்லியும், எங்கே போகிறோம் என்று அவளையே கேட்டாராம். டாக்டர் மண்டையைப் படம் எடுத்துப் பார்த்தார். இனி ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போகும், திரும்பி வராது என்றார். கார் சாவியை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அதற்கு அவர் சண்டை போடவில்லை.

நீ பூட்டினாயே, அதற்குத்தான் தாங்கவில்லை. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை பாஸ்வேர்டைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். "உன் தம்பியை நான்தானே படிக்க வெச்சேன்? என் ஸ்கூலையே பூட்டிட்டானா?" என்று கத்தினார். அப்புறம் கத்தலை விட்டுவிட்டு அழுகிறார். "பையன் வந்தா எங்க கிளாஸ் எடுப்பான்? அவன் பேரே இல்லையே" என்கிறார். அவன் இல்லை என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அன்றைக்குத்தான் செத்தது போல் தலையில் அடித்துக்கொண்டார். மறுநாள் மறந்துபோய் மறுபடி கேட்கிறார். நான் இன்னொரு தடவை சொல்லமாட்டேன், என்னால் ஆகாது.

திறந்துவிட்டால் ஊர் ஆட்கள் வந்து வாண்டுவைக் கேட்கிறார்கள். பூட்டினால் இவர் அழுகிறார். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. இதற்கு உங்கள் ஸ்டூடியோவில் ஏதாவது வழி வைத்திருக்கிறீர்களா?

அக்கா

ஏப்ரல் 20

அன்புள்ள அக்கா,

முட்டி வலியோடு நீ தனியாக இவ்வளவையும் சுமந்திருக்கிறாய். நான் மொய், திருடன் என்று கிண்டல் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். ஸ்டூடியோவில் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். முதலாளி என்ன ஏதென்று கேட்காமல் வீட்டுக்குப் போகச் சொன்னார். நான் போகவில்லை, உட்கார்ந்து இதைச் செய்துமுடித்தேன்.

எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு. அசலில் கை வைக்காதே. எந்த வெப்சைட்டில் எதை மாற்றுவதானாலும், முதலில் அச்சு அசலாக ஒரு நகல் செய்து, அதில்தான் மாற்றிப் பார்ப்போம். அதற்கு 'ஒத்திகை' என்று பெயர் வைத்திருக்கிறோம். பார்க்க எல்லாம் ஒன்றாகவே இருக்கும். ஆனால் வெளியாட்கள் யாருக்கும் அது தெரியாது. அதில் என்ன செய்தாலும் அசலுக்கு ஒரு கீறல் விழாது.

உங்கள் ஸ்கூலுக்கு ஒரு ஒத்திகை போட்டுவிட்டேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் இனி அதுதான் திறக்கும். அத்தானுடைய பழைய பாஸ்வேர்டு, கல்யாண நாள், அதிலேயே வேலை செய்யும். அவர் இஷ்டப்பட்ட நேரம் போடட்டும், இஷ்டப்பட்ட நம்பர் போடட்டும். வாண்டுவைப் போடட்டும். அதைப் பார்க்கப்போவது அவர், நீ, நான், வேறு யாருமில்லை.

என்னைத் திட்டினார் என்றாயே, திட்டட்டும். என்னை இன்னும் ஞாபகம் இருக்கிறதே என்று ஆறுதலாக இருந்தது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. அவருக்கு வைக்கிற இரண்டாவது தட்டில் நீயாவது சாப்பிடு.

தம்பி

ஜூன் 3

அன்புத் தம்பிக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். இதை வெறும் வழக்கத்துக்கு எழுதவில்லை.

அவர் அழுகை நின்றுவிட்டது. காலையில் காபி குடித்ததும் சட்டை மாட்டிக்கொண்டு ஆபீஸ் அறைக்குப் போகிறார். வாண்டு படத்தைப் போட்டுவிட்டார். அவனுக்குச் சனிக்கிழமை வகுப்புக்கூட ஒதுக்கியிருக்கிறார். "ஞாயிற்றுக்கிழமை வேணாம், அவன் தூங்கணும்" என்று என்னிடம் காரணம் வேறு சொல்கிறார். அசல் வெப்சைட் ஒழுங்காக ஓடுகிறது. புது இன்ஸ்ட்ரக்டர் கெட்டிக்காரர். கடிதத்தை இனி வீட்டுக்கே அனுப்பலாம், தபால் பக்கம் இவர் திரும்புவதே இல்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், சிரிக்காதே. இவருக்காகச் செய்த ஒத்திகைக்குள் நானும் போய் உட்கார ஆரம்பித்துவிட்டேன். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நாற்காலி போட்டு, பையனுக்கு எந்த வண்டி கொடுக்கலாம், பழைய வண்டியின் கிளட்ச் அவனுக்கு இடிக்கிறதே என்று பேசுகிறோம். பேசும்போது எனக்கும் மறந்துபோகிறது. அவன் போன பிறகு நாங்கள் இவ்வளவு பேசியதே இல்லை.

மாதம் ஒரு தடவை செய்தி அனுப்பிச் சோதிக்கச் சொன்னாயே, ஒத்திகையில் இருக்கிற அந்தப் பெட்டியில் வாண்டுவுக்கு இரண்டு வரி எழுதி அனுப்பினேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. அது எங்கேயும் போய்ச் சேராது என்ற தைரியம்தான்.

வெயில் ஏறுகிறது, தண்ணீர் நிறையக் குடி.

அக்கா

ஜூன் 19

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். அத்தான் அழவில்லை என்று படித்ததும் வீட்டுக்காரி அந்த வரியைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

ஒத்திகையில் அனுப்புகிற செய்திகள் என்னிடம்தான் வரும். உன்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஒன்றைத் திறந்தேன். முதல் வரி "போர்த்திக்கொண்டாயா" என்று இருந்தது. மூடிவிட்டு வெளியே போய் நின்றேன். மற்ற எதையும் திறக்கவில்லை, திறக்கவும் மாட்டேன். நீ எழுதுவதை நிறுத்தாதே.

தொழில்காரனாக ஒன்று கேட்கிறேன். ஒத்திகையில் பக்கங்கள் குறைகின்றன. இரண்டாவது காரை எடுத்துவிட்டார். புதுக் கட்டடத்தின் படமும் போய்விட்டது. கைதவறி அழிக்கிறாரோ? வாரம் ஒரு நகல் எடுத்து வைக்கிறேன். நீ ஒரு வார்த்தை சொன்னால் போனதையெல்லாம் நிமிஷத்தில் திரும்பக் கொண்டுவந்துவிடுவேன்.

முட்டியை இந்த மாதமாவது டாக்டரிடம் காட்டு.

தம்பி

ஆகஸ்ட் 5

அன்புள்ள அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? உன் கடிதம் வரவில்லை. போன் செய்தால் புது இன்ஸ்ட்ரக்டர் எடுத்து, நீ வேலையாக இருப்பதாகச் சொல்கிறார்.

இன்றைக்கு ஒத்திகையைத் திறந்தேன். ஆசிரியர்கள் பக்கத்தில் அத்தான் மட்டும் இருக்கிறார். வாண்டு இல்லை. கீழே 'அலுவலகப் பொறுப்பு' என்று உன் படம் இருக்குமே, அதுவும் இல்லை. நிச்சயம் கைதவறித்தான் நடந்திருக்கும். உன்னைக் கேட்காமல் எதையும் தொடமாட்டேன். திரும்பக் கொண்டுவரட்டுமா? ஆமாம் என்று ஒரு வார்த்தை எழுது.

தம்பி

செப்டம்பர் 14

அன்புத் தம்பிக்கு,

நீயும் வீட்டுக்காரியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். என் முட்டியைக் காட்டினேன், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

கைதவறி அழிக்கவில்லை. முதலில் வாண்டு போனான். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவன் படத்தை உற்றுப் பார்த்தார், பிறகு எடுத்துவிட்டார். "என்னங்க, பையனை எடுத்துட்டீங்களே" என்றேன். "எந்தப் பையன்?" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை.

இரண்டு வாரம் கழித்து என் படத்துக்கு வந்தார். என்னிடமே மரியாதையாகக் கேட்டார். "இந்தம்மா யாருன்னு தெரியுமாங்க? நான் ஒருத்தன் நடத்தற ஸ்கூல் இது. யாரோ தவறிப் போட்டிருக்காங்க." நான் தெரியாது என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? "அப்ப எடுத்துடறேன்" என்று எடுத்தார். நான் எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு அழுதேன். அவருக்கு இப்போது இருபத்தைந்து வயது. கையில் ஒரு பழைய கார், வாடகைக்கு ஒரு சின்ன அறை, கல்யாணம் ஆகவில்லை. கல்யாண நாள் பாஸ்வேர்டை இப்போது நான்தான் தட்டிக்கொடுக்கிறேன். நான் வேளைக்குச் சாப்பாடு கொடுக்கிற யாரோ ஒரு அம்மாள். ரொம்பத் தன்மையாக நடந்துகொள்கிறார். ஒவ்வொரு தடவையும் நன்றி சொல்கிறார். என் புருஷன் எனக்கு நன்றி சொன்னதே கிடையாது.

நகலைத் திரும்பக் கொண்டுவராதே. உன்னை ஒரு மாதத்துக்கு மேல் காக்கவைத்தது இதற்குத்தான். எழுதுவோம், ஆமாம் என்று எழுதுவோம் என்று பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். கொண்டுவந்தால் எனக்குப் பிள்ளை கிடைப்பான், அவர் பக்கத்தில் என் படமும் வரும். ஆனால் அதைப் பார்த்தால் அவர் மறுபடி வாசலைப் பார்க்கத் தொடங்குவார், பையன் எங்கே என்று கேட்பார். இப்போது கேட்பதில்லை. அவருக்குப் பிள்ளை பிறக்கவே இல்லை, அதனால் சாகவும் இல்லை. அந்த நிம்மதியை நான் கெடுக்கமாட்டேன்.

ஆனால் தம்பி, ஆறு வருஷமாக நாங்கள் வாய்விட்டுப் பேசாவிட்டாலும், இருவரும் ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்பது எனக்கு ஒரு துணையாக இருந்தது. அது போய்விட்டது. இனி இந்த வீட்டில் அவனைப் பெற்றவள் என்று நான் ஒருத்திதான்.

நீ அவனுக்குத் தாய்மாமன். பள்ளி லீவில் உன்னோடு வந்து தங்கியிருக்கிறான். அவனைப் பற்றி எனக்கு எழுது. பெரிதாக ஒன்றும் வேண்டாம். உன் வீட்டில் எந்த மூலையில் படுத்தான், எதற்கு அடம் பிடித்தான், உன்னை என்ன கேலி செய்தான், எது நினைவுக்கு வந்தாலும் எழுது. நான் அதைப் படித்துவிட்டு, "ஆமாம், அவன் அப்படித்தான்" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல எனக்கு இங்கே ஆள் இல்லை.

சீக்கிரம் எழுது.

அக்கா